வந்துருச்சா தாயி?

பழைய இரும்புக்காரர் தூக்கப் போனபோதுதான் மண்டி வீட்டு டிவி இருமியது.

நாலு காலும் இழுப்புக் கதவுமாகச் சின்ன பீரோ மாதிரி இருந்த அந்த டிவி, கொப்பரை மூட்டைகளுக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கிடந்து, வயரை எலி தின்று, வயிற்றுக்குள் பல்லி முட்டையிட்டு, தலையில் யாரோ சுண்ணாம்பு வாளியை வைத்து எடுத்த வெள்ளை வட்டத்தோடு நின்றது. இரும்புக்காரர் அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கினாரோ இல்லையோ, செத்துச் சாம்பலாகி எத்தனையோ திவசம் கண்டுவிட்ட மண்டி முதலாளி ராமலிங்கம் உள்ளேயிருந்து இருமி, காறி, "கோமதி, ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்றார். அடுத்த அறையில் கட்டிலோடு கிடந்த அவர் சம்சாரம் கோமதியம்மாள், "இந்தா வர்றேங்க" என்று பதில் சொல்லி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். இரும்புக்காரர் டிவியைப் பூப்போல இறக்கி வைத்தார். "அம்மா, இது இன்னும் ஓடுது. எடைக்குப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிள் ரிம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி, கரண்டு கேட்காமல், கம்பம் கேட்காமல், தானாக வெளுத்து விழித்தது.

வேளாமுனை கடலை ஒட்டிய ஊர். இந்த ஊருக்கு முதல் டிவி வந்த காலத்தில் நம் பக்கத்து நிலையம் எதுவும் இந்தக் கரைக்கு எட்டாது. மண்டி வீட்டு மொட்டை மாடியில் உயரமாக இரும்புக் கம்பம் நட்டு, அதன் தலையிலிருந்த ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி, அந்தக் கரையிலிருந்து வந்த இலங்கை நிகழ்ச்சிகளைத்தான் பிடித்தார்கள். பாஷை ஒருவருக்கும் தெரியாது. தெரியாத பாஷையில் அழுகிறவர்களைப் பார்த்து ஊரே அழுதது. அதே நிகழ்ச்சிகள்தான் இப்போது, அன்றைக்கு வந்த வரிசையிலேயே, சாயங்காலத்துக்குச் சாயங்காலமாகத் திரும்பி வந்தன. அதோடு, படத்தின் மேல் தூசி படிகிற மாதிரி, அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்து பார்த்த சனங்களின் பேச்சும் வந்தது. சிரிப்பு, தும்மல், "தலையைக் குனிடா" என்கிற அதட்டல், வெற்றிலை இடிக்கிற சத்தம், மடியில் கிடந்து பால் குடிக்கிற பிள்ளையின் மூச்சு. முகங்கள் எல்லாம் அந்தக் கரை முகங்கள். குரல்கள் முக்கால்வாசி நம் கல்லறையிலும் சுடுகாட்டிலும் கிடக்கிறவர்களின் குரல்கள்.

ஊர் இதற்காக வாயைப் பிளந்து நிற்கவில்லை. கொஞ்ச நாள் பயந்தது, அப்புறம் பாய் கொண்டுவந்தது. கோயில் பூசாரி வந்து திருநீறு பூசினார், பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், இரண்டையும் வாங்கிக்கொண்டு டிவி தன் பாட்டுக்கு ஓடியது. மாதா கோயிலில் சாயங்காலப் பூசையை ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்தார்கள். புதுசாய்க் கல்யாணமான வீட்டார் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து, "அந்தா செருமுறாருல்ல, அவருதான் பொண்ணோட தாத்தா, கும்பிட்டுக்கங்க" என்றார்கள். மாப்பிள்ளையும் திரையில் ஓடிய சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஒருத்தி, தன் மாமியார் தன்னைப் பற்றிக் கோள் மூட்டியதை இத்தனை காலம் கழித்துக் காதால் கேட்டுவிட்டு, செத்தவளுக்கு வைக்கிற விளக்கை ஒரு வாரம் ஏற்றவில்லை. யார் எங்கே உட்காருவது என்று ஒருவரும் சொல்லாமலே, மண்டி வீட்டுச் சொந்தங்கள் நாற்காலியிலும், கடைத்தெருக்காரர்கள் தரையிலும் உட்கார்ந்தார்கள். மாதா கோயில் தெருச் சனம், காலம் எவ்வளவோ மாறிப்போச்சு என்று பேசிக்கொண்டே போய், அன்றைக்கு நின்ற அதே ஜன்னலுக்கு வெளியே நின்றது.

பிரகாசி மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

பிரகாசி பால்வாடியில் ஆயா. மூத்தவன் ஜெரோம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான், இளையவள் கட்டிக்கொடுத்துப் போயாயிற்று. ஆறு வயதுக்கு அப்புறம் அவள் மண்டி வீட்டு வாசலை மிதித்ததில்லை. அவள் அப்பா சந்தியாகு மண்டியில் மூட்டை தூக்கினவர். ஐப்பசி மாதத்து மழைக் காற்றில் ஒருநாள் அந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து கம்பத்தோடு சேர்ந்து கீழே விழுந்து செத்தார். "இன்னைக்கு டிவியே போடலை. காயப்போட்ட கொப்பரையைத் திருட ஏறியிருக்கான், கம்பத்தைப் பிடிச்சு இறங்கப் பார்த்திருக்கான்" என்றார் முதலாளி. அன்று டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மறுநாளும் டிவி பார்க்க வேண்டுமே. பிரகாசியின் அம்மா மரியபுஷ்பம் அன்றிலிருந்து கொப்பரைத் திருடன் பெண்டாட்டி ஆனாள், சாகிறவரைக்கும் அந்தப் பெயரோடுதான் குழாயடியில் நின்றாள். கடைசியில் வாயில் ஊற்றிய தண்ணீரும் இறங்காதபோது, "உங்கப்பா திருடலை பாப்பா" என்றுதான் சொன்னாள். அப்பாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. குரல் எப்படி இருக்கும் என்பது பிரகாசிக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. ஜெபமாலை சொல்லி முடிக்கும்போது செத்துப்போன ஒவ்வொருவரையும் முகத்தோடும் குரலோடும் நினைத்து வேண்டிக்கொள்வாள். அப்பாவின் முறை வரும்போது இருட்டைப் பார்த்து வேண்டிக்கொள்வாள்.

அடுத்த வீட்டு அமலோற்பவம்தான் ஓடிவந்து சொன்னாள். "அடியே, உங்கப்பா குரல் வருதுடி. மாடியில இருந்து கூப்பிடுறாரு. உன்னத்தான்."

பிரகாசி கையிலிருந்த பயற்றுச் சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்புப் போடவும் மறந்து போனாள்.

ஜன்னலில் இடம் விட்டார்கள். திரையில் ஒரு பொம்மைக் குரங்கு ஆடிக்கொண்டிருந்தது, அதன் மேல் திடீரென்று புள்ளி புள்ளியாகப் பூச்சி பறந்தது, அப்போது கூரைக்கு மேலேயிருந்து, காற்றில் பாதியும் சுவரில் பாதியுமாக அடிபட்டு, ஒரு குரல் இறங்கி வந்தது.

"வந்துருச்சா தாயி?"

"வந்துருச்சுப்பா!" என்று டிவிக்குள்ளிருந்து ஒரு பொடிப்பிள்ளை கத்தியது. அறை சிரித்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த பிரகாசிக்கு முதலில் புரிந்தது, அது அவ்வளவு சின்ன வயசுக் குரல் என்பது. அவள் பிள்ளை ஜெரோமைவிடச் சின்னப் பையனின் குரல். அப்பா என்று அவள் இருட்டில் வேண்டிக்கொண்டிருந்த பெரிய ஆள், மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்த ஒரு இளவட்டம்.

அன்றிலிருந்து தினமும் போனாள். கேட்கக் கேட்க, மறந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. கடல் காற்றில் கம்பத்தைக் கட்டிய இழுகம்பிகள் துருப்பிடித்து அற்றுப்போயின, காற்று வீசுகிற சாயங்காலமெல்லாம் யாராவது மாடியில் ஏறிக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அந்த யாராவது எப்போதும் சந்தியாகுதான். அதற்குப் பதிலாகத்தான் மாதா கோயில் தெருப் பிள்ளைகளிலேயே பிரகாசிக்கு மட்டும் உள்ளே, டிவிக்கு முன்னால், சிவப்புத் தரையில் இடம். அந்த வீட்டுக்கு என்மேல் பிரியம் என்று அவள் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தரையில் உட்கார்ந்து அவள் உயிரை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கிரீடமும் வைத்த ஒரு ராணி, வெள்ளைக் குதிரையேறி ஊர் ஊராகப் போவாள். சாகக் கிடக்கிற பிள்ளையின் வாயில் அமிர்தத் தண்ணீர் ஊற்றுவாள், பிள்ளை எழுந்து சிரிக்கும். இந்தக் கதையைச் சொல்லித்தான் அவள் தன் பிள்ளைகளுக்குச் சோறூட்டினாள், பால்வாடிப் பிள்ளைகளையும் தூங்கவைத்தாள். இப்போது அதுவும் வந்தது. குதிரை, சைக்கிளாக இருந்தது. கிரீடம், மருத்துவச்சிகள் வைக்கிற துணித் தொப்பியாக இருந்தது. அகதி முகாமிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ராசமலருக்கு அந்தப் பாஷை தெரியும். "அக்கா, இது சர்க்கார்ப் படம். பிள்ளைக்கு வயிற்றால போனா உப்பும் சீனியும் தண்ணியில கரைச்சுக் குடுங்கோ எண்டு சொல்லுறா" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"கைய நல்லாக் கழுவவும் சொல்லுறா."

ஜன்னலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரகாசியும் சிரித்தாள்.

ஆடியும் ஆவணியும் போயின, டிவிக்குள்ளும் ஆடியும் ஆவணியும் போயின. ஒருநாள் "வந்துருச்சா தாயி?" என்று மேலேயிருந்து கேட்டதும், பிள்ளை வாய் திறப்பதற்குள் முதலாளியின் குரல் குறுக்கே வந்தது.

"சொல்லாத பாப்பா. சொன்னா உங்கப்பன் கம்பத்தை விட்டுட்டு இறங்கிருவான், படம் போயிரும். சொல்லாம இருந்தா பிஸ்கட்டு. என்ன?"

அறை காத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம்ப்பா!" என்றது பிள்ளை. பிறகு, பெருமையாக, "நான் சொல்லலையே!"

அறை கைதட்டியது. பிஸ்கட்டைக் கடிக்கிற சத்தம் ஜன்னல் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. ஜன்னலில் நின்றவர்கள் பிரகாசியைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

அதற்குப் பிறகு சாயங்காலந்தோறும் அதுவே நடந்தது. படம் பளிச்சென்று வரும், மேலேயிருந்து குரல் கேட்கும், பிள்ளை "இன்னும் கொஞ்சம்" என்னும், சில நாள் அதுவும் சொல்லாமல் பேசாதிருக்கும். அப்பா நடுநடுவே பாடிக்கொண்டார். தும்மினார். "பிரகாசி, ராணி வந்துட்டாளா? குதிரை என்ன பண்ணுது?" என்று ஒருநாள் கேட்டார். அதற்கும் பதில் போகவில்லை.

ஐப்பசி பிறந்தது. எந்தச் சாயங்காலம் வரப்போகிறது என்று ஊருக்கே தெரியும், ஊர் அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. முதலாளியின் மகன் தனபாலன் பால்வாடிக்கே வந்தார். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசினார்.

"அக்கா, அந்த நாள் வர்றப்ப நீங்க வரணுமா? செத்துப்போனவரை நடுவுல நிறுத்திப் பேசறதுல யாருக்கு என்ன லாபம்? எங்கப்பாவும் இல்ல, உங்கப்பாவும் இல்ல."

"எங்கம்மாவும் இல்லைங்க" என்றாள் பிரகாசி.

"நான் டிவிய இழுத்து மூடிட்டா என்ன செய்வீங்க?"

"மூடிருங்க. ஊரு கேக்கும், நீங்க பதில் சொல்லிக்கங்க."

அவர் மூடவில்லை. மூட முடியாது. அவரவர்க்கு அவரவர் ஆள் வர வேண்டியிருந்தது. அதிலும் அமலோற்பவத்தின் மகள் செல்வி, நாலு வயசில் மஞ்சள் காமாலையில் போனவள், பிறந்ததே சந்தியாகு செத்த அடுத்த வருஷம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அமலோற்பவம் அதே ஜன்னலில் நின்றிருக்கிறாள். டிவி அதுவரை ஓடினால் அந்தப் பிள்ளையின் மழலை வரும். அமலோற்பவம் இரண்டு கையையும் நீட்டி, பிரகாசியின் தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். "நீ சண்டை போட்டுடாதடி. அந்த வீட்டுக்காரன் கோவத்துல பெட்டியை உடைச்சுப் போட்டான்னா என் பிள்ளை வாயில இருந்து ஒரு வார்த்தை கேக்காமலே போயிருவேன்."

"நான் ஏன் சண்டை போடப்போறேன்? டிவி ஓடுச்சுன்னு ஊரு காதால கேட்டாப் போதும். அம்மா பேரு கழுவிப் போகும். அவ்வளவுதான்."

அந்தச் சாயங்காலம் வந்தது. வெளியே வானம் நட்சத்திரம் எண்ணுகிற மாதிரி தெளிந்து கிடந்தது, ஒரு துளி மழையில்லை. டிவிக்குள் மட்டும் மழை கொட்டியது. கோமதியம்மாளைக் கட்டிலோடு தூக்கிவந்து முன்னால் போட்டிருந்தார்கள். ராணி சைக்கிளில் வந்தாள். டிவி ஓடியது. ஊரே பார்த்தது, ஊர் காதிலேயே விழுந்தது. நாற்காலியிலிருந்து ஒருவர், "சரி, திருட ஏறலைதான் போலிருக்கு" என்று, பஸ் நேரம் மாறியதைச் சொல்கிற மாதிரி சொன்னார். பக்கத்திலிருந்தவர், "உஸ்ஸ், எங்க சித்தப்பா பேசுறாரு" என்றார். அம்மா ஆயுசு முழுக்கச் சுமந்தது அவ்வளவு சுளுவாக இறங்கியது.

பிரகாசி ஜன்னலை விட்டு நகர்ந்து, சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஆறு வயதில் எழுந்துபோன அந்தச் சிவப்புத் தரையில் போய் உட்கார்ந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. அம்மாவைக் கூட்டிப் போக வந்த ஜெரோம் வாசலிலேயே நின்றான்.

"தாயி, வந்துருச்சா?" குரல் நடுங்கியது.

பிஸ்கட் கடிக்கிற சத்தம்.

"தாயி, காத்து தள்ளுது. கை மரத்துப்போச்சு. வந்துருச்சான்னு சொல்லு, இறங்கிர்றேன்."

"ஏங்க, வரச் சொல்லிருங்களேன், பாவம்" என்றது இளவயசுக் கோமதியம்மாளின் குரல். "இந்தா, முடியப் போகுது" என்றார் முதலாளி. கட்டிலில் கிடந்த கிழட்டுக் கோமதியம்மாள் போர்வையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

திரையில் ராணி ஒரு தம்ளரில் உப்பைப் போட்டு, சர்க்கரையைப் போட்டு, மெதுவாக, மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"பிரகாசி, இருக்கியா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அறையில் இருந்தவர்களும் சொல்லவில்லை, இன்றைக்கு இருந்தவர்களும் சொல்லவில்லை. நரைத்த தலையைக் கூரையைப் பார்த்துத் தூக்கினாள் பிரகாசி. முதலில் காற்றுத்தான் வந்தது. அப்புறம் குரல் வந்தது, அது பால்வாடிப் பிள்ளை போடுகிற கூச்சலாக வந்தது.

"வந்துருச்சுப்பா! நல்லாவே தெரியுது! போதும், இறங்கி வாப்பா!"

மேலே, கூரைக்கு அப்பால், யாரோ பெருமூச்சு விட்டார்கள். இரும்பைக் கீழே கிடத்துகிற சத்தம் கேட்டது.

ராணியின் தம்ளர் கையிலேயே நடுங்கி, இழுபட்டு, பிய்ந்து, திரை முழுக்க வெள்ளைப் புள்ளியாய்ப் போனது. பேச்சு அற்றுப்போனது. இரைச்சல் மட்டும் இருந்தது, கடல் மாதிரி.

ஊர் காத்திருந்தது. பிறகு ஒருவர் எழுந்து டிவியின் தலையில் தட்டினார். இன்னொருவர் பக்கவாட்டில் தட்டினார்.

"என்னக்கா பண்ணினீங்க?" என்றார் தனபாலன்.

"இத்தனை பேரு குடும்பம் அதுல இருக்கு, உங்கப்பா ஒருத்தரை இறக்குறதுக்கா எல்லாத்தையும் அணைச்சே?" என்றார் நாற்காலிக்காரர். "எங்காத்தா வர்ற மாசமில்ல வரணும்!" என்று ஜன்னலிலிருந்து கத்தினார்கள். மாதா கோயில் தெருச் சனமும்தான் கத்தியது.

அப்புறம் ஒருவர் மெதுவாக, நல்ல யோசனை சொல்கிற குரலில் சொன்னார்: "யாராவது மாடியில ஏறி ஒரு கம்பத்தைப் பிடிச்சா வரும்னு நினைக்கிறேன்."

நியாயம்தான் என்று தலைகள் ஆடின. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அறையைச் சுற்றி வந்து, கடைசியில், வாசலில் நின்ற வெல்டிங்காரப் பையனின் தோள்மேல் போய் உட்கார்ந்தது.

"தம்பி ஜெரோமு, ஒரு அஞ்சு நிமிஷம்ப்பா."

"கம்பம் பட்டறையிலயே கிடக்குமே உனக்கு."

அமலோற்பவம் ஜன்னலிலிருந்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனைத் தூக்கி வளர்த்தவள். "ஏறுய்யா ராசா. என் செல்வி வர்ற வரைக்கும். அத்தைக்காக." ஜெரோம் அம்மாவைப் பார்த்தான், அத்தையின் கையை உதறவும் அவனுக்கு மனசு வரவில்லை.

பிரகாசி எழுந்தாள். அமலோற்பவத்தின் விரல்களை ஒவ்வொன்றாக, முள்ளில் மாட்டிய துணியை எடுக்கிற மாதிரி, மகன் கையிலிருந்து பிரித்தெடுத்தாள்.

"மன்னிச்சுரு மதினி" என்றாள். "இவன் ஏற மாட்டான்."

மாடிப்படி வீட்டுக்கு வெளியே, பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. மழை பெய்யாத அந்தச் சாயங்காலத்தில், காய்ந்த சிமெண்டுப் படிகளில் மேலேயிருந்து கீழ்வரை ஈரமாகக் கால்தடம் இருந்தது. வெறுங்கால். இறங்கின தடம் மட்டும்தான். கடைசிப் படி தாண்டி, முற்றத்து மணலில் நாலு எட்டுக் கடல் பக்கம் போய், காய்ந்துகொண்டிருந்தது. பிரகாசி மகனை வீட்டுக்கு அனுப்பினாள். காய்கிற வரைக்கும் அந்தத் தடத்தைப் பார்த்தாள். பிறகு யாரும் ஏறிவிடாதபடி கடைசிப் படியை அடைத்து உட்கார்ந்துகொண்டு, இடுப்பில் செருகியிருந்த ஜெபமாலையை எடுத்தாள்.

உள்ளே வெள்ளைப் புள்ளிகளின் முன்னால் ஊர் கலையாமல் உட்கார்ந்திருந்தது. கொஞ்சத்துக்கு ஒருதரம் யாராவது ஒருவர் வெளியே பார்த்து, கம்பம் பிடிக்க ஆள் வந்துருச்சா என்று குரல் கொடுத்தார், முதலில் அதட்டி, அப்புறம் கெஞ்சி. அதில் அமலோற்பவத்தின் குரல் தனியாகத் தெரிந்தது.

"பிரகாசி, வந்துருச்சா? வந்துருச்சாடி?"

பிரகாசி மணியை உருட்டினாள். பதில் சொல்லவில்லை.